கரையும் கடமையும்

மனிதன் நிலத்தின்மீது கோடு கிழித்தான். அதனை எல்லை என்றான். கடலின்மீது கோடு நிற்பதில்லை; ஆதலின் கரையையே எல்லையாகக் கொண்டான். எல்லைக்கு உள்ளே நிற்பவனோடு சட்டம் பேசுகிறது. எல்லைக்கு வெளியே, நீரின்மேல் மிதந்து வருபவனோடு அது பேசக் கடமைப்பட்டதா? இவ்வினாவை நூலகத்தில் அமர்ந்து கேட்பது எளிது. நடுக்கடலில், ஆடுகின்ற தெப்பத்தில் நின்றுகொண்டு ஒருவன் கேட்கும்போது அதன் கனம் வேறாகிறது.

லாரியில் வந்தவர்கள்

2003ஆம் ஆண்டு சூலைத் திங்களில் கியூபாவிலிருந்து பன்னிருவர் அமெரிக்காவை நோக்கிப் புறப்பட்டனர். அவர்கள் ஏறி வந்தது கப்பலும் அன்று, படகும் அன்று. 1951ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ஒரு செவ்ரலே லாரியையே அவர்கள் மரக்கலம் ஆக்கியிருந்தனர். அது மிதப்பதற்காக வெற்றுப் பீப்பாய்களை அதனோடு பிணைத்திருந்தனர். முன்பு சக்கரங்களைச் சுழற்றிய இயந்திரம் நீரைத் தள்ளும் சுழலியைச் சுழற்றுமாறு அமைத்திருந்தனர். ஹவானாவுக்கும் ஃபுளோரிடாவின் தென்கோடியில் உள்ள கீ வெஸ்ட் என்னும் ஊருக்கும் இடையே ஏறத்தாழ 90 மைல் கடல் கிடக்கிறது. அதில் பாதிக்கு மேல் கடந்துவிட்ட நிலையில் அமெரிக்கக் கடலோரக் காவற்படை அவர்களை இடைமறித்தது. மனிதர்கள் காவற்கப்பலில் ஏற்றப்பட்டனர். லாரி கடலில் மூழ்கடிக்கப்பட்டது. வந்தவர்கள் கியூபாவுக்கே திருப்பி அனுப்பப்பட்டனர்.

அவர்களுள் ஒருவர் மனம் தளரவில்லை. 2004 பிப்ரவரியில் 1959ஆம் ஆண்டுப் பியூக் கார் ஒன்றைப் படகாக மாற்றிக்கொண்டு, குடும்பத்தோடும் தோழர்களோடும் மறுபடியும் கடலில் இறங்கினார். மறுபடியும் பிடிபட்டார். இம்முறை உடன் வந்தோருட் சிலர் திருப்பி அனுப்பப்பட, அவருடைய குடும்பம் மட்டும் குவாண்டானாமோவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் வைக்கப்பட்டது. பின்னர் கோஸ்டா ரிக்கா நாட்டுக்கு அனுப்பப்பட்டது. அங்கிருந்து தரைவழியே நாடுகள் பல கடந்து, 2005இல் மெக்சிகோ நாட்டின் வடக்கு எல்லையில் உள்ள அமெரிக்க வாயிலை அக்குடும்பம் அடைந்தது. அங்கே கதவு திறந்தது.

இந்நிகழ்ச்சி ஆழ்ந்து எண்ணத்தக்கது. மூன்று முறையும் வந்தவர் ஒருவரே. அவர் விட்டு வந்த நாடும், நாடி வந்த நாடும், நெஞ்சில் இருந்த அச்சமும், விருப்பமும் அவையே. இரண்டு முறை மறுக்கப்பட்டவர் மூன்றாம் முறை ஏற்கப்பட்டார். இடையில் மாறியது, அவருடைய கால் நின்ற இடம் ஒன்றே. ஒரு மனிதனின் வழக்கை அவன் கால் நிற்கும் இடத்தைக் கொண்டு தீர்ப்பது அறமாகுமா?

விரித்த கைகள்

இவ்விந்தையான நிலை ஒரு நாளில் தோன்றியதன்று. 1959 சனவரியில் பதிஸ்டாவின் ஆட்சி வீழ்ந்து பிடல் காஸ்ட்ரோவின் ஆட்சி எழுந்தது. அதுமுதல் கியூபாவை விட்டு வெளியேறியவர்களை அமெரிக்கா இருகை விரித்து வரவேற்றது. 1965இன் இறுதி முதல் 1973 வரை வானூர்திகளில் மட்டும் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஃபுளோரிடாவுக்கு அழைத்துவரப்பட்டனர். 1966இல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட தனிச்சட்டம் ஒன்று, அமெரிக்க மண்ணில் ஏற்கப்பட்டுக் குறித்த காலம் தங்கிய கியூபர்கள் நிரந்தரக் குடியிருப்புத் தகுதி பெறுவதற்கு வழிசெய்தது. முதலில் ஈராண்டாக இருந்த அக்காலம் பின்னர் ஓராண்டாகக் குறைக்கப்பட்டது. வேறு எந்நாட்டு மக்களுக்கும் இத்தகைய எளிய வழி இருந்ததில்லை. 1980இல் மரியல் துறைமுகத்தைக் கியூப அரசு திறந்துவிட்டபோது, சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 1,25,000 பேர் படகுகளில் வந்து சேர்ந்தனர்.

இவ்வரவேற்பில் கருணை இருந்தது, அரசியலும் இருந்தது. இரு வல்லரசுகள் உலகைப் பங்கிட்டுக்கொண்டு பகைத்து நின்ற காலம் அது. பகைவனின் வீட்டைவிட்டு வெளியேறி வருபவனை ஏற்பது விருந்தோம்பலும் ஆகும்; பகைவனின் குறையை ஊரறியச் செய்வதும் ஆகும். இரண்டும் கலந்த செயலில் எது எவ்வளவு என்று பிரித்து அறிவது அரிது. காலம் மாறும்போதே அது வெளிப்படும்.

காலம் மாறியது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அதன் உதவியை நம்பியிருந்த கியூபாவில் உணவும் எரிபொருளும் மின்சாரமும் அருகின. 1994 ஆகஸ்ட் 5ஆம் நாள் ஹவானாவின் கடற்கரைச் சாலையில் மக்கள் திரண்டு தம் சினத்தைக் காட்டினர். அதன்பின், வெளியேற விரும்புவோரைத் தம் அரசு தடுக்காது என்று காஸ்ட்ரோ அறிவித்தார். மரப்பலகை, டயர்க் குழாய், வெற்றுப் பீப்பாய் என மிதக்கக்கூடிய எதனையும் பற்றிக்கொண்டு மக்கள் கடலில் இறங்கினர். சில வாரங்களுக்குள் 30,000க்கும் மேற்பட்டோரை அமெரிக்கக் காவற்படை கடலிலிருந்து எடுத்தது.

விரித்த கைகள் அப்போது மடங்கின. ஆகஸ்ட் 19ஆம் நாள், கடலில் எடுக்கப்படும் கியூபர்கள் இனி அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட மாட்டார்கள் என்று அதிபர் பில் கிளிண்டன் அறிவித்தார். அவர்கள் குவாண்டானாமோ முகாமில் அடைக்கப்பட்டனர். செப்டம்பர் 9ஆம் நாள் இரு அரசுகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: ஆண்டுக்குக் குறைந்தது 20,000 கியூபர்களுக்கு அமெரிக்கா முறையாக அனுமதி வழங்கும், கடல்வழி வெளியேற்றத்தைக் கியூபா தடுக்க முயலும். 1995 மே 2ஆம் நாள் மற்றோர் உடன்பாடு வந்தது. முகாமில் இருந்தோரில் பெரும்பாலோரை அமெரிக்கா ஏற்றுக்கொள்ளும். ஆனால் இனிக் கடலில் இடைமறிக்கப்படுவோர் கியூபாவுக்கே திருப்பி அனுப்பப்படுவர். அவ்வாறு திரும்புவோரைத் தண்டிப்பதில்லை என்று கியூப அரசு உறுதி கூறியது.

ஈரமும் உலர்வும்

1966ஆம் ஆண்டுச் சட்டமோ நீக்கப்படவில்லை. ஆகவே, கரையை எட்டியவனுக்குப் பழைய வரவேற்பு நீடித்தது. கரையை எட்டாதவனுக்குப் புதிய மறுப்பு வாய்த்தது. இதனை மக்கள் ‘ஈரக்கால், உலர்ந்த கால்’ கொள்கை என்று அழைத்தனர். உலர்ந்த மணலில் கால் பதித்தவன் தங்கலாம். முழங்கால் அளவு நீரில் நிற்பவன் திரும்ப வேண்டும். இப்பெயரில் நகையுணர்வு தோன்றினும், அதன் அடியில் மனித வாழ்வு கிடந்தது.

1999 சூன் திங்களில் மயாமி நகருக்கு அருகில் அறுவர் படகை விட்டுக் குதித்துக் கரையை நோக்கி நீந்தினர். காவற்படையினர் நீரைப் பீய்ச்சியும் மிளகுத்தூள் கரைசலைத் தெளித்தும் அவர்களைத் தடுக்க முயன்றனர். கரையில் நின்ற மக்கள் அதனைக் கண்டனர். தொலைக்காட்சி வழியே நாடே கண்டது. நீரில் தத்தளிப்பவனைக் கண்டால் கைநீட்டிக் கரையேற்றுவது மனித இயல்பு. அன்றோ, கரையேறாமல் தடுப்பதே பணியாயிற்று. அப்பணியைச் செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். பிற நாள்களில் எத்தனையோ உயிர்களைக் காத்தவர்கள். அவர்கள் கையில் தரப்பட்ட விதியே அவர்களை அந்நிலையில் நிறுத்தியது.

2006 சனவரியில் நிகழ்ந்தது இதனினும் விந்தையானது. பதினைவர் ஃபுளோரிடாத் தீவுகளுக்கிடையே உள்ள பழைய ‘ஏழு மைல் பாலத்தின்’ ஒரு பகுதியை எட்டி, அதன்மேல் ஏறி நின்றனர். அப்பாலம் அமெரிக்காவுக்கு உரியது, அமெரிக்கரால் கட்டப்பட்டது. ஆயினும் அவர்கள் நின்ற பகுதி இருபுறமும் துண்டிக்கப்பட்டு, நிலத்தோடு தொடர்பின்றி நின்றது. ஆகவே அவர்களின் கால் ஈரக்காலே என்று முடிவு செய்யப்பட்டு அவர்கள் கியூபாவுக்கு அனுப்பப்பட்டனர். அம்முடிவு நியாயமற்றது எனக் கூட்டரசு நீதிபதி ஒருவர் அடுத்த மாதமே தீர்ப்பளித்தார். அவர்களில் பெரும்பாலோர் பின்னர் முறையான அனுமதியோடு அமெரிக்கா வந்தடைந்தனர். ஆனால், எது நிலம் எது நீர் என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த அந்நாள்களில், வந்தவர்கள் எதற்காக வந்தார்கள் என்னும் வினா ஓரத்தில் ஒதுங்கி நின்றது.

இக்கொள்கையின் குறை, அது கோடு கிழித்ததில் இல்லை. வாழ்வில் கோடுகள் வேண்டும். கோடுகள் இன்றி ஆட்சி நடவாது. தேர்வில் தேர்ச்சிக்கு ஒரு புள்ளி அளவு வேண்டும். வாக்களிக்க ஒரு வயது வேண்டும். ஆனால் தேர்வுப் புள்ளி மாணவனின் கல்வியோடு தொடர்புடையது; வாக்களிக்கும் வயது மனிதனின் முதிர்ச்சியோடு தொடர்புடையது. காலின் ஈரம் எதனோடு தொடர்புடையது? அச்சத்தோடா? தேவையோடா? இல்லை. வலிய இயந்திரம் பூட்டிய படகுக்குப் பணம் கொடுக்க வல்லவன் உலர்ந்த காலோடு இறங்கினான். வறியவன் தெப்பத்தில் மெல்ல வந்து பிடிபட்டான். தீர்க்க வேண்டிய பொருளோடு தொடர்பில்லாத கோடு, எவ்வளவு தெளிவாக இருப்பினும், நீதியின் கோடாகாது.

அரசின் வாதம்

எனினும் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு முடிவுகூறல் அறிவுடைமை ஆகாது. அரசின் தரப்பிலும் எளிதில் தள்ளமுடியாத வாதங்கள் உண்டு.

முதலாவது வாதம் உயிரைப் பற்றியது. கடலில் இறங்கும் எல்லாரையும் ஏற்பதாக அறிவித்தால், மேலும் பலர் உடைந்த தெப்பங்களில் இறங்குவர். கணக்கில் வாராமல் பலர் மாள்வர். ஆகவே திருப்பி அனுப்புவதும் ஒருவகைக் காப்பே என்பர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் கடலிலிருந்து ஒருவனை எடுப்பது ஒரு செயல். எடுத்தவனை எங்கே இறக்குவது என்பது மற்றொரு செயல். முன்னதன் பெருமையைப் பின்னதற்குச் சூட்டுதல் பொருந்தாது. அன்றியும், கரையை எட்டியவனுக்குப் பரிசும் எட்டாதவனுக்குத் தண்டனையும் வைத்த விதி, மூழ்குபவன் தன்னைக் காக்க வரும் கப்பலைக் கண்டே அஞ்சி ஒளியும் நிலையை உண்டாக்கிற்று. உயிர்காக்கும் நோக்கம் உயிரைப் பணயம் வைக்கத் தூண்டிற்று.

இரண்டாவது வாதம் அரசியலைப் பற்றியது. 1980இலும் 1994இலும் கியூப அரசு தன் உள்நாட்டு நெருக்கடியைத் தணித்துக்கொள்ள வாயில்களைத் திறந்துவிட்டது. மக்களையே ஆயுதமாக்கி அண்டை நாட்டின்மீது ஏவியது. அதற்கு இடங்கொடுத்தல் தகாது என்பர். ஓர் ஆட்சி தன் மக்களைக் கருவியாகப் பயன்படுத்தியிருக்கலாம். அதனால் அம்மக்கள் கருவிகளாகி விடுவதில்லை. எறிந்தவன்மீதுள்ள சினத்தை எறியப்பட்டவன்மீது காட்டுதல் முறையன்று.

மூன்றாவது வாதமே வலியது. எந்நாடும் வருவோர் அனைவரையும் ஏற்கும் கடமை உடையதன்று. யார் வரலாம் என்று முடிவு செய்யும் உரிமை ஒரு நாட்டுக்கு உண்டு. முறையாக வர விரும்புவோர்க்கு ஆண்டுதோறும் 20,000 அனுமதிகள் உறுதியளிக்கப்பட்டிருந்தன. அவ்வரிசையில் நின்றிருக்கலாம் அன்றோ என்பர். இதனை மறுப்பதற்கில்லை. அந்த 20,000 அனுமதி, உடன்பாட்டின் சிறந்த பகுதி என்றே கூறலாம். ஆனால் வரிசை என்பது காத்திருக்கக் கூடியவர்களுக்கே உரியது. வேலை நாடிச் செல்பவன் காத்திருக்கலாம். நாளை சிறைப்படுவோம் என்று அஞ்சுபவன் எவ்வாறு காத்திருப்பான்? வந்தவன் இவ்விருவருள் யார் என்பது அவன் முகத்தில் எழுதியிருப்பதில்லை. கேட்டால்தான் தெரியும்.

செருமானிய மெய்யறிவாளர் இம்மானுவேல் காண்ட், நிலையான அமைதியைப் பற்றி 1795இல் வெளியிட்ட நூலில் இவ்வினாவைத் தொட்டிருக்கிறார். அயலான் ஒருவனைத் தம் நிலத்தில் குடியேற்றும் கடமை எவர்க்கும் இல்லை. ஆனால் அவனைப் பகைவனாக நடத்தலாகாது. அவனுக்கு அழிவு நேராது என்னும் நிலையிலேயே அவனைத் திருப்பி அனுப்பலாம் என்பது அவர் கருத்தின் சாரம். இதில் நாட்டின் உரிமையும் காக்கப்படுகிறது. மனிதனின் உயிரும் காக்கப்படுகிறது. ஆயின் இக்கருத்தின் உள்ளே மற்றொரு கடமை பொதிந்து கிடக்கிறது. திருப்பி அனுப்பினால் அவனுக்கு அழிவு நேருமா நேராதா என்பதை எவ்வாறு அறிவது? அவனைக் கேட்டே அறிதல் வேண்டும். ஆகவே, ஏற்கும் கடமை இல்லையென்று கொண்டாலும் கேட்கும் கடமையிலிருந்து தப்ப வழியில்லை.

கேளாமல் விட்டதன் விளைவை அதே கடல் ஒரு முறை கண்டிருக்கிறது. 1939 மே திங்களில் செயின்ட் லூயிஸ் என்னும் கப்பல் 937 பயணிகளோடு செருமனியிலிருந்து ஹவானா வந்து சேர்ந்தது. அவர்களில் ஏறத்தாழ எல்லாரும் இட்லரின் ஆட்சிக்கு அஞ்சி ஓடிவந்த யூதர்கள். கியூபா 28 பேரை மட்டும் இறங்க விட்டது. கப்பல் ஃபுளோரிடாக் கரையை ஒட்டிச் சென்றது. மயாமி நகரின் விளக்குகள் பயணிகளின் கண்ணுக்குத் தெரிந்தன. அமெரிக்காவும் இடம் தரவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. பிரிட்டன், பிரான்சு, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகள் அவர்களைப் பகிர்ந்து ஏற்றன. ஆனால் போர் மூண்டது. இட்லரின் படை அந்நாடுகளுட் பலவற்றைப் பிடித்தது. அப்பயணிகளுள் 254 பேர் படுகொலைக் காலத்தில் மாண்டனர். விதிகளின்படி நடந்தோம் என்று அன்று அதிகாரிகள் கூறியிருக்கலாம். விதிகள் காக்கப்பட்டன, மனிதர்கள் காக்கப்படவில்லை. அக்கொடுமைகளை நினைந்தே, அச்சுறுத்தலுக்கு உள்ளானவரை அவ்விடத்துக்கே திருப்பி அனுப்பலாகாது என்னும் விதியை 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை உலகுக்குத் தந்தது. 1968இல் அமெரிக்காவும் அவ்விதியை ஏற்றது.

ஆராய்ச்சி மணி

ஏற்றுக்கொண்ட விதி கடலில் எவ்வளவு தூரம் செல்லும்? இவ்வினா முதலில் கியூபர்களைப் பற்றி எழவில்லை. அவர்களின் அண்டை நாட்டாரான ஹைட்டியரைப் பற்றியே எழுந்தது. 1981இல் அதிபர் ரீகன் இட்ட ஆணையால் ஹைட்டியரின் படகுகள் கடலிலேயே தடுக்கப்பட்டன. அடுத்த பத்தாண்டுகளில் இடைமறிக்கப்பட்ட 22,000க்கும் மேற்பட்டோருள் புகலிடம் கோர அமெரிக்காவுக்கு அழைத்துவரப்பட்டோர் மிகச் சிலரே. 1992இல் வந்த ஆணை அவ்விசாரணையையும் நீக்கி, நேரே திருப்பி அனுப்பச் செய்தது. 1993இல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. திருப்பி அனுப்பலாகாது என்னும் விதி நாட்டுக்குள் வந்தவர்களுக்கே உரியது, நடுக்கடலில் உள்ளவர்களுக்கு அன்று என்று எட்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஹேரி பிளாக்மன் என்னும் நீதிபதி ஒருவர் மட்டும் மாறுபட்டார். 1995க்குப் பின் கியூபர்களைத் திருப்பி அனுப்பிய கப்பல்களும் இத்தீர்ப்பு திறந்த வழியிலேயே சென்றன.

தமிழர் நன்கறிந்த கதை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. மனுநீதிச் சோழன் தன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டியிருந்தான். குறையுடையார் எவரும் அதனை அசைக்கலாம். கன்றை இழந்த பசு ஒன்று வந்து அதனை அசைத்தது. அரசன் எழுந்து வந்தான். அக்கதையில் மகனையே தண்டிக்கத் துணிந்த செயலைத்தான் பலரும் போற்றுவர். அதற்கு முன்னே நிகழ்ந்த ஒன்றைக் கவனிப்பவர் சிலரே. அப்பசு மணியை எட்ட முடிந்தது. வாயிற்காவலர் அதனை வழியில் மறிக்கவில்லை. ‘நீ எம் குடியா? உன் கால் அரண்மனை முற்றத்தில் பட்டதா?’ என்று எவரும் வினவவில்லை.

ஓர் அரசன் மணியையும் கட்டி வைத்துவிட்டு, அதன் கயிற்றை எவரும் எட்டாதவாறு நான்கு தெருவுக்கு அப்பாலே காவலரை நிறுத்தினால் அவனை என்னென்பது? மணி ஒலிக்கவில்லை, ஆதலின் என் நாட்டில் குறையில்லை என்று அவன் கூறின், அதனை நீதியென ஏற்பார் யார்? கரையை எட்டியவனுக்கே உரிமை என்று கூறிவிட்டுக் கரையை எட்டாதவாறு கடலிலே தடுப்பதும் அத்தகையதே. அது மணியின் பெருமையையும் வேண்டுகிறது. மணி ஒலிக்காத அமைதியையும் வேண்டுகிறது.

கப்பலின் தளத்தில் விசாரணை அறவே இல்லாமற் போகவில்லை. கியூபர்களுக்கு அவர்கள் மொழியில் ஓர் அறிவிப்பு படிக்கப்பட்டது. அச்சம் உடையோர் அதிகாரியிடம் கூறலாம் என்று சொல்லப்பட்டது. அச்சம் உண்மையெனக் கண்டால் அவர்கள் குவாண்டானாமோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, வேறொரு நாட்டில் குடியமர்த்தப்பட்டனர். ஹைட்டியர்க்கோ அத்தகைய அறிவிப்பும் இருந்ததில்லை. எவரும் கேளாமலே தாமாக அச்சத்தைக் கூவியோ குறிப்பாலோ காட்டியவரே விசாரிக்கப்பட்டனர். பல நாள் பசித்து, வெயிலில் காய்ந்து, சீருடையணிந்தோர் சூழ நிற்கும் ஒருவன் தன் துயரைக் கூவிச் சொல்லவேண்டும் என எதிர்பார்ப்பது கேட்டல் ஆகாது. வாய் திறவாத மாணவனுக்கு ஐயமே இல்லை என்று முடிவு செய்யும் ஆசிரியர் கற்பித்தவர் ஆவாரா?

பள்ளியின் வாயில் குறித்த நேரத்தில் மூடப்படுதல் முறையே. ஆனால் நேரங்கழித்து வந்த சிறுவனை, ஏன் தாமதம் என்று கேளாமலே திருப்பி அனுப்புபவரை நல்லாசிரியர் என எவரும் கூறார். வீட்டில் தாய் நோயுற்றிருக்கலாம். வழியில் விபத்து நேர்ந்திருக்கலாம். வெறும் விளையாட்டாகவும் இருக்கலாம். கேட்ட பின்னர் உள்ளே விடலாம், கண்டிக்கலாம், வீட்டுக்கும் அனுப்பலாம். ஒழுங்கைக் காத்தலும் காரணம் கேட்டலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல.

உலக நீதிமன்றங்களிலும் இக்கருத்து மெல்ல வேரூன்றி வருகிறது. ஹைட்டியர் வழக்கில் அமெரிக்காவின் செயல் தவறென அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் 1997இல் கூறியது. வட ஆப்பிரிக்காவிலிருந்து படகில் வந்தோரை 2009இல் நடுக்கடலில் பிடித்து லிபியாவுக்கே அனுப்பிய இத்தாலியின் செயல் தவறென ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. ஓர் அரசு தன் கப்பலில் ஒருவனை ஏற்றித் தன் ஆணைக்கு உட்படுத்தியபின், அவன்பால் அதன் கடமையும் தொடங்கிவிடுகிறது என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. அரசின் கை நீளும் இடம் வரையில் அதன் கடமையும் நீளும். கையை நடுக்கடல் வரை நீட்டிவிட்டுக் கடமையை மட்டும் கரையிலே நிறுத்துதல் இயலாது.

சமமாக மறுப்பது நீதியா?

2017 சனவரி 12ஆம் நாள் அதிபர் பாரக் ஒபாமா ஈரக்கால், உலர்ந்த கால் கொள்கையை முடிவுக்குக் கொண்டுவந்தார். அதன்பின் கரையை எட்டிய கியூபரும் பிற நாட்டாரைப் போலவே நடத்தப்பட்டனர். நீண்டகாலம் வேற்றுமை கண்டு வருந்திய ஹைட்டியரின் முறையீட்டுக்கு ஒருவகையில் விடை கிடைத்தது. வேற்றுமை நீங்கியது; ஆனால் கீழே இருந்தவர் உயர்த்தப்படவில்லை; மேலே இருந்தவரே இறக்கப்பட்டனர்.

சமத்துவம் உயரிய அறமே. எனினும் இரு பிள்ளைகளுள் ஒருவனுக்கே உணவிட்ட வீட்டில், இருவருக்கும் உணவை நிறுத்துவதும் சமத்துவம்தான். அதனை நீதி என்று கூற நெஞ்சம் துணியாது. கியூபருக்குக் கிடைத்தது சலுகை. ஹைட்டியருக்குக் கிடைத்தது புறக்கணிப்பு. இரண்டுக்கும் நடுவே, இருவரையும் ஒரே செவியால் கேட்கும் முறைமை ஒன்று இருக்கிறது. அதுவே எட்ட வேண்டிய இடம்.

அவ்விடத்தை உலகம் இன்னும் எட்டவில்லை. 2022 செப்டம்பரோடு முடிந்த ஓராண்டில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட கியூபர்கள் அக்கடலில் இடைமறிக்கப்பட்டனர். 2023 சனவரியில், பொறுப்பேற்பார் ஒருவர் உடையோர் வான்வழியே வர வழியொன்று திறக்கப்பட்டது. கடல்வழி வருவோர்க்கு அவ்வழி அடைபடும் என்றும் கூறப்பட்டது. 2025இல் அத்திட்டமும் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆட்சிகள் மாறுகின்றன, கதவுகள் திறந்து மூடுகின்றன. நடுவே கிடக்கும் 90 மைல் கடல் மட்டும் மாறவில்லை.

தொலைவில் உள்ள நாட்டின் குறையை எடுத்துரைப்போர் தம் கரையையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தல் நலம். திரங்கானுக் கரைக்கு அப்பால் உள்ள பீடோங் தீவில் 1979இன் நடுவில் ஏறத்தாழ 40,000 வியட்நாமியர் நெருங்கி வாழ்ந்தனர். அம்முகாம் 1991இல் மூடப்படும் வரையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேருக்கு அது தங்குமிடமாயிற்று. அதே 1979இல், கரையை நெருங்கிய படகுகள் பல மீண்டும் கடலுக்கு இழுத்துச் செல்லப்பட்டதும் உண்டு. இடங்கொடுத்த கையும் இழுத்துவிட்ட கையும் ஒரே நாட்டின் கைகளே. ஆகவே இஃது ஒரு வல்லரசைப் பழிக்கும் பேச்சன்று. கரையுடைய நாடு ஒவ்வொன்றும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

கேட்கும் கடமை

எல்லாரையும் ஏற்றல் இயலாது என்பது உண்மை. எவரையும் கேளாமல் அனுப்புதல் ஆகாது என்பதும் உண்மை. இவ்விரு உண்மைகளுக்கும் இடையேதான் நல்லரசு நடக்கவேண்டிய பாதை உள்ளது. கருணை என்பது கொடை. கொடுப்பவன் விருப்பத்தைப் பொறுத்தது. அதனைக் கட்டளையிட்டுப் பெறமுடியாது. கேட்டல் அவ்வாறன்று, அது கடன். ஒருவனுடைய உயிரைப் பற்றி முடிவு செய்யப் போகிறவன், அவனுடைய சொல்லைக் கேட்டுவிட்டே முடிவு செய்தல் வேண்டும். கேட்டபின் ‘இல்லை’ என்று கூறுவது வருத்தம் தரலாம், அநீதி ஆகாது. கேளாமல் கூறும் ‘இல்லை’, சில வேளைகளில் சரியான விடையாகவே அமைந்துவிடினும், நீதி ஆகாது.

பீப்பாய்கள் கட்டிய லாரியில் வந்த அப்பன்னிருவருள், கொடுமைக்கு அஞ்சி வந்தவர் எத்தனை பேர், நல்வாழ்வு நாடி வந்தவர் எத்தனை பேர்? தொலைவில் இருப்போர் அதனைத் தீர்மானிக்க முடியாது. கேட்டுத் தீர்மானிக்கும் வாய்ப்பு அன்று அவர்களைத் தன் கப்பலில் ஏற்றிய அரசின் கையில் இருந்தது. லாரி கடலின் அடியில் கிடக்கிறது. கொள்கை மாறிவிட்டது. அவ்வினா மட்டும் மூழ்கவில்லை. நாளை எந்தக் கடலில், எந்தத் தெப்பத்தில் அது மிதந்து வந்தாலும், காவலன் முதலில் நோக்க வேண்டியது வந்தவனின் காலை அன்று, முகத்தை. முதலில் கேட்க வேண்டியது, ‘எங்கே நிற்கிறாய்?’ என்பது அன்று, ‘ஏன் வந்தாய்?’ என்பதே.